ஒளி போன வேகமும் வந்த வேகமும்

என் பதினோரு வருஷ உத்தியோகத்தில் நான் எழுதிய உண்மையான வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அதையும் உண்மைக்காக எழுதவில்லை, மேலதிகாரி மெச்ச வேண்டும் என்று எழுதினேன். அது என்னைப் படுத்திய பாட்டைக் கேட்டால், இனிமேல் யாரும் அலுவலகத் தாளில் எதையும் யோசித்து எழுத மாட்டார்கள்.

நான் வேலை பார்ப்பது அளவை நிலையத்தில். எடைக்கல் எடையாக இருக்கிறதா, அளவுகோல் கோலாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்தும் இடம். எனக்கு ஒதுக்கியது ஒளிப் பிரிவு. அது நிலவறையில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. கதவில் மாட்டியிருக்கும் 'ஒளிப் பிரிவு' என்ற பலகையைப் படிக்க வேண்டுமானால் கையில் டார்ச் வேண்டும். பிரிவின் பொறுப்பாளர், ஊழியர், தூசி தட்டுபவர் எல்லாம் நானே.

வருஷத்துக்கு ஒரு முறை ஒளியின் வேகத்தை அளந்து சான்றிதழ் கொடுப்பது என் கடமை. நிலவறைத் தாழ்வாரம் நூற்றைம்பது மீட்டர் நீளம். இந்த முனையில் ஒரு விளக்கும் கடிகாரமும், அந்த முனையில் ஒரு கண்ணாடி. விளக்கிலிருந்து ஒரு கீற்று புறப்பட்டு, கண்ணாடியில் பட்டுத் திரும்பும். ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு நேரத்தில் போய் வந்துவிடும். அந்த நேரத்தை இரண்டால் வகுத்து, ஒரு வழிக்கு இவ்வளவு என்று வைத்துக்கொண்டு, வேகத்தை எழுதி, 'மாற்றம் ஏதுமில்லை' என்று கையெழுத்துப் போடுவேன். இதில் ஒரு ரகசியம் உண்டு. ஒளியின் வேகம் இதுதான் என்று உலகம் எப்போதோ கூடிப் பேசி முடித்துவிட்டது. மீட்டரின் நீளத்தையே இப்போது அதை வைத்துத்தான் சொல்கிறார்கள். ஆகவே நான் வருஷா வருஷம் அளந்தது ஒளியை அல்ல, தாழ்வாரத்தை. தாழ்வாரம் வளரவில்லை என்று பதினோரு முறை சான்றளித்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் மனைவி மருந்தாளர். பதினோரு மணி நேர ரயில் தூரத்தில் இன்னொரு ஊரின் மருத்துவமனையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிறாள். எட்டு வயது மகள் அவளோடு. ஆறு வருஷமாக இந்த ஏற்பாடு. மாதம் இரண்டு முறை போய் வருவேன். போன தடவை மகள் தன் தோழியிடம் என்னை அறிமுகப்படுத்தியபோது "இவங்க எங்க அப்பா, வந்திருக்காங்க" என்றாள். பாலை ஊற்றிவிட்டுப் போகிறவரைச் சொல்வது போல இயல்பாகத்தான் சொன்னாள். அன்று ரயிலில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஊரில் எங்கள் நிலையத்துக்கு ஒரு கிளை உண்டு. ஒன்பது விண்ணப்பம் போட்டதில், ஒன்பதாவதற்கு மாற்றல் உத்தரவு வந்தேவிட்டது. மாதக் கடைசிக்குள் இங்கிருந்து விடுவிக்கப்பட வேண்டும். அதற்கு 'நிலுவைப் பணி ஏதுமில்லை' என்று ஒரு தாள் வேண்டும். பாக்கி இருந்தது வருஷச் சான்றிதழ் மட்டும். வழக்கம்போல எழுதிக் கொடுத்திருந்தால் இந்நேரம் அந்த ஊரில் மகளைப் பள்ளிக்குக் கொண்டு விட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் போகிற நேரத்தில் எனக்கு ஒரு ஆசை வந்தது. இத்தனை வருஷமும் என்னை 'அந்தக் கீழே இருக்கிறவர்' என்றே அழைத்த இயக்குநர், இவன் விஷயம் தெரிந்தவன் என்று ஒரு முறையாவது நினைக்க வேண்டும். சான்றிதழின் அடியில் பொடி எழுத்தில் எழுதினேன்: 'அளந்தது போய் வரும் வேகம் மட்டுமே. போகும் வேகமும் வரும் வேகமும் ஒன்று என்பது நாமாக வைத்துக்கொண்டது.'

இயக்குநர் அதைப் படிக்கவில்லை. அவர் எதையும் படிக்கும் வழக்கமில்லை. படித்தது சரிபார்ப்பு அதிகாரி. அவர் காகித ஓரங்களில் சிவப்பு மையால் 'ஏன்?' என்று மட்டுமே எழுதுவார். அதனால் நிலையம் முழுக்க அவருக்கு ஏன் சார் என்று பெயர். இங்கே வருவதற்கு முன்பு இருபது வருஷம் வாகனப் பிரிவில் இருந்தவர். ஜீப்புகளின் ஓட்டப் பதிவேட்டைச் சரிபார்த்தே தலை நரைத்தவர். என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லாமல் பேசினார்.

"வண்டி போனதுக்குத் தனிக் கட்டம், வந்ததுக்குத் தனிக் கட்டம். போய் வந்த கிலோமீட்டரை ரெண்டால வகுத்து எழுதுற டிரைவரை நாங்க அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவோம். நீங்க பதினோரு வருஷமா வகுத்திருக்கீங்க. யார் உத்தரவுல?"

யாருடைய உத்தரவும் இல்லை, உலகம் முழுக்க அப்படித்தான் என்றேன். உலகத்தின் கடிதம் ஏதாவது கோப்பில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. 'போகும் வேகம்', 'வரும் வேகம்' என்று இரண்டு கட்டம் போட்ட ஒரு படிவத்தை என்னிடம் நீட்டி, நிரப்பிக் கொடுக்கும்வரை நிலுவை நிலுவைதான் என்று சொல்லிவிட்டார்.

நான் இயக்குநரிடம் ஓடினேன். ஒரு வழி வேகத்தை ஏன் அளக்க முடியாது என்று முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். இரண்டு முனையிலும் கடிகாரம் வேண்டும். இரண்டும் ஒரே நேரம் காட்ட வேண்டும். காட்டுகின்றனவா என்று பார்க்க இங்கிருந்து அங்கே ஒரு சேதி அனுப்ப வேண்டும். சேதி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்தால்தான் அந்தக் கடிகாரத்தைத் திருத்த முடியும். சேதியாகப் போவதும் ஒளிதான். ஆக, ஒளி ஒரு வழி போகும் நேரம் முன்கூட்டியே தெரிந்தால்தான் ஒளி ஒரு வழி போகும் நேரத்தை அளக்க முடியும்.

இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு திறந்து, "தெரிஞ்சா அளக்கலாம், தெரியலைன்னா அளக்க முடியாது, அவ்வளவுதானே? நம்ம நிலையத்தோட கொள்கையே அதுதானே" என்றார். உடனே ஒரு குழு போட்டார். தலைவர் அவர், உறுப்பினர் ஏன் சார், செயலாளர் நான். தேநீர் செயலாளர் பொறுப்பு.

முதல் கூட்டத்தில் இரண்டாவது கடிகாரம் வாங்கத் தீர்மானமானது. அதைத் திறந்து வைக்க ஒரு விழாவும் நடந்தது. இரண்டு கடிகாரங்களையும் இயக்குநரின் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர் கையாலேயே ஒரே நேரத்தில் முடுக்கி, ஒன்றை அந்த முனைக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டால் வேலை தீர்ந்தது என்பது ஏன் சாரின் யோசனை. நல்ல யோசனைதான். அத்தோடு என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். புத்தி கெட்டவன், நகரும் கடிகாரம் கொஞ்சம் மெதுவாக ஓடும் என்று எடுத்துச் சொன்னேன். எவ்வளவு என்றார்கள். கண்டுபிடிக்கவே முடியாத அளவு கொஞ்சம் என்றேன். கொஞ்சமாக இருந்தாலும் விதி விதிதான் என்றார் ஏன் சார். எவ்வளவு மெதுவாகத் தூக்கிப் போகிறோமோ அவ்வளவு நல்லது என்று நானே வழியும் சொன்னேன்.

நிலையத்திலேயே மிக மெதுவாக நடப்பவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு வரவில்லை. எங்கள் அலுவலக உதவியாளர்தான். முப்பது வருஷமாக அவரைப் பற்றிய ரகசியக் குறிப்பேட்டில் எல்லா இயக்குநர்களும் 'மந்தம்' என்றே எழுதி வந்திருக்கிறார்கள். அது இப்போது தகுதியாகிவிட்டது. அவர் கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்குப் புறப்பட்டார். நூற்றைம்பது மீட்டரைக் கடக்க இரண்டு நாள் ஆயிற்று. நடுவில் தாழ்வாரத்திலேயே நாற்காலி போட்டுச் சாப்பிட்டார். நான் பக்கத்தில் நடந்து குறிப்பு எழுதினேன். இதைவிட மெதுவாகப் போனால் இன்னும் சரியாக இருக்குமா என்று அவர் கேட்டார். ஆமாம், கொள்கையளவில் நகராமலே இருப்பதுதான் உத்தமம் என்றேன்.

"அதைத்தான் சார் முப்பது வருஷமா செய்யறேன், யாரு மதிச்சாங்க" என்றார்.

புதன்கிழமை இரவு அந்த முனையில் மட்டும் மின்சாரம் போய், அங்கே செருகி வைத்திருந்த கடிகாரம் நின்றுபோயிற்று. காலையில் உதவியாளர் பொறுப்போடு கேன்டீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து அதைத் திருத்தி வைத்துவிட்டார். கேன்டீன் கடிகாரம், ஊழியர்களின் நலன் கருதி, ஏழு நிமிஷம் முன்னால் ஓடும். இது தெரியாமல் நாங்கள் வியாழக்கிழமை சோதனையை நடத்தினோம். ஒளி இங்கிருந்து அந்த முனைக்குப் போக ஏழு நிமிஷம் எடுத்துக்கொண்டது. அங்கிருந்து திரும்பும்போது, புறப்படுவதற்கு ஏழு நிமிஷம் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டது. இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். பத்து லட்சத்தில் ஒரு பங்கு விநாடி. அணுவளவும் பிசகவில்லை.

கடிகாரம் தப்பு என்று நான் சொன்னேன். தப்பென்றால் கூட்டுத்தொகை எப்படிச் சரியாக வந்தது என்றார் ஏன் சார். அங்கே கடிகாரத்தை எப்படி வைத்தாலும் கூட்டுத்தொகை மாறாது, அதனால்தான் இது அளக்க முடியாத விஷயம் என்று சொன்னேன். அதாவது எப்படிச் செய்தாலும் சரியாக வரும் வேலை என்று அவர் குறித்துக்கொண்டார். இயக்குநர் ஊழியர்களைக் கூட்டி உரையாற்றினார்.

"போற வழியில தாமதம் இருக்கு, ஒத்துக்கறோம். ஆனா வர்ற வழியில நாம சாதனை பண்ணியிருக்கோம். புறப்படறதுக்கு முன்னாடியே வந்து சேர்றதுன்னா சிலர் ஆச்சரியப்படறாங்க. நம்ம நிலையத்துல இது புதுசா? போன வருஷம் நான் போட்ட உத்தரவு, அதுக்கு முந்தின வருஷத்துலேர்ந்து அமல்ல இருக்கு. கட்டின கட்டடத்துக்கு அப்புறமா அனுமதி வாங்கியிருக்கோம். ஒளி இப்பதான் நம்ம வேகத்துக்கு வந்திருக்கு."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மாதக் கடைசிக்கு எட்டு நாள் இருந்தது.

ஏன் சார் மட்டும் படிவத்தை வாங்கிக்கொள்ளவில்லை. வாகனப் பிரிவில் எந்த ஜீப்பும் கிளம்புவதற்கு முன்னால் வந்ததில்லை என்பது அவர் வாதம். எனக்குப் பொறுமை போய்விட்டது. கொள்கைக்காக உயிரையே விட்டவர்களைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். நான் அந்த ஜாதி இல்லை. அந்தப் பொடி எழுத்து வாக்கியத்தை வாபஸ் வாங்குவதாக அங்கேயே நின்றபடி எழுதிக் கொடுத்தேன். யோசிக்க ஒரு நிமிஷம்கூடக் கேட்கவில்லை.

அவர் அதைப் படித்துவிட்டு வாழ்க்கையில் முதல்முறையாக முழு வாக்கியமாக எழுதினார். 'வாக்கியம் சரியென்றால் வாபஸ் ஏன்? தவறென்றால் எழுதியது ஏன்?' விசாரணை தொடங்கியது. விசாரணையில் இருப்பவரை விடுவிக்க முடியாது. மாதக் கடைசி வந்தது, போயிற்று. மாற்றல் உத்தரவு செத்துவிட்டதா என்று இயக்குநரைக் கேட்டேன். உத்தரவு சாகாது, தூங்கும், விசாரணை முடிந்தால் எழுந்துகொள்ளும் என்று தைரியம் சொன்னார்.

மனைவிக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒளி, கண்ணாடி, கேன்டீன் கடிகாரம் உட்பட. கேட்கிறதா என்று கேட்டேன். கேட்கிறது என்றாள். கோபமா என்றேன். இல்லை, யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

பத்தாம் நாள் அவளே கூப்பிட்டாள். இந்த ஊர் மருத்துவமனைக்கு அவளுக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தாளாம். கணவர் எங்கே என்று கேட்டார்களாம். ஒன்பது நாளில் உத்தரவு கையில். இவ்வளவு சுலபமென்றால் ஆறு வருஷமாக ஏன் கேட்கவில்லை என்றேன்.

"நான் மாற்றல் கேட்கட்டுமான்னு உங்ககிட்ட எத்தனை தடவை கேட்டேன். நீங்கதான், வேண்டாம், நான் வர்றேன், எங்க ஆபீஸ்ல எனக்கு நல்ல பேரு இருக்கு, இதோ வந்துடும் வந்துடும்னீங்க."

உண்மைதான். அதே தூரம், அதே தண்டவாளம். இங்கிருந்து அங்கே ஆறு வருஷம் போயும் சேரவில்லை. அங்கிருந்து இங்கே ஒன்பது நாள். அன்று சாயங்காலம் என் ஒற்றை அறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆறு வருஷத்தை என் வீறாப்பில் தொலைத்தேனே என்ற எரிச்சலும் அதில் பாதி இருந்தது.

அவர்கள் வந்து சேர்ந்தார்கள். இரண்டு அறை உள்ள வீடாகப் பார்த்துக் குடிபோனோம். மகள் நான் தினமும் மாலையில் திரும்பி வருவதை முதல் வாரம் சந்தேகத்தோடுதான் பார்த்தாள். இரண்டாவது வாரம் என் செருப்பை எடுத்து உள்ளே வைத்தாள். மூன்றாவது வாரம் இயக்குநர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

முகமெல்லாம் சிரிப்பு. விசாரணையை எனக்குச் சாதகமாக முடித்துவிடப் போகிறாராம். நாளைக்குக் கடைசி அமர்வு. வாபஸை ஏற்றுக்கொண்டு கோப்பை மூடிவிட்டால், தூங்கிக்கொண்டிருந்த மாற்றல் உத்தரவு எழுந்துகொள்ளும். வெள்ளிக்கிழமையே என்னை விடுவித்துவிடுவாராம். "குடும்பத்தோட இருக்கணும்னு எவ்வளவு தவிச்சீங்க, எனக்குத் தெரியாதா" என்று தோளில் தட்டினார்.

குடும்பம் இங்கே வந்துவிட்டது, மாற்றல் வேண்டாம் என்றேன். அவர் சிரிப்பு மாறாமல் விதியைச் சொன்னார். கேட்டு வாங்கிய மாற்றலை ரத்து செய்யத் தலைமையகத்துக்கு விண்ணப்பிக்கலாம், ஐந்தாறு வருஷத்தில் பதில் வரும், அதுவரை போன இடத்தில் இருக்க வேண்டியதுதான். மனைவிக்கும் ஐந்து வருஷத்துக்கு மறு மாற்றல் கிடையாது. அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அந்த விசாரணை முடிந்தால்தானே உங்களை அனுப்புவார்கள் என்றாள். ஆமாம் என்றேன்.

"அப்ப முடியாம பாத்துக்கோங்க. அதுக்கு விடையே கிடையாதுன்னுதானே சொன்னீங்க."

மறுநாள் கடைசி அமர்வு. வாபஸ் கடிதத்தைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானே என்று ஏன் சார் கேட்டார். எழுந்து நின்றேன். கையெழுத்து என்னுடையது, ஆனால் பயத்தில் போட்டது, அந்த வாபஸையே வாபஸ் வாங்குகிறேன் என்றேன். போகும் வேகமும் வரும் வேகமும் ஒன்றுதான் என்று இதுவரை யாரும் அளந்ததில்லை. அளக்காததை அளந்ததாக எழுத என் மனசாட்சி இடம் தராது. மாற்றல் கைநழுவிப் போனாலும் பரவாயில்லை, இந்தக் கேள்வி தீரும்வரை இந்தத் தாழ்வாரத்தை விட்டு நகர மாட்டேன். பேசப் பேச எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. எவ்வளவு நல்லவனாக இருந்திருக்கிறேன், தெரியாமலே போயிற்றே என்று ஒரு கணம் தோன்றிவிட்டது.

ஏன் சார் பேனாவைக் கீழே வைத்தார். இருபது வருஷம் பதிவேடு பார்த்ததில், தன் கட்டத்துக்காக இப்படி நின்ற ஒரு டிரைவரைக்கூடக் கண்டதில்லை என்றார். இயக்குநர் மட்டும் கவலையோடு, இது எப்போது முடியும் என்று கேட்டார். இன்றைய அறிவுப்படி முடியவே முடியாது என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படின்னா நிரந்தரக் குழுவாவே போட்டுடலாம். முடியற வேலைக்குக் குழு போட்டு போட்டு நமக்கு என்ன மிச்சம்? முடிஞ்சதும் கலைச்சிடறாங்க."

நிரந்தரக் குழு அமைந்தது. செயலாளர் இடம் மாறக் கூடாது என்று விதி எழுதினார்கள். அலுவலக உதவியாளருக்குக் கடிகாரச் சுமப்பாளர் என்று பதவி உயர்வு கிடைத்தது. உண்மைக்காக மாற்றலைத் துறந்தவர் என்று எனக்கு ஒரு சால்வையும் போர்த்தினார்கள். கூச்சமாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

இப்போது எனக்கு ஒரே ஒரு பயம்தான். மாதத்தின் முதல் வாரத்தில் எங்கள் நூலகத்துக்கு அறிவியல் இதழ்கள் வரும். வேறு யாரும் தொடுவதற்கு முன்பு நான் போய் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறேன். எந்த நாட்டிலாவது எந்தப் புத்திசாலியாவது ஒரு வழி கண்டுபிடித்துத் தொலைத்திருக்கிறானா என்று வரி வரியாகத் தேடுவேன். முழுக்கப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவேன். மனைவி கதவைத் திறந்துகொண்டே கேட்பாள்.

"இந்த மாசம்?"

"யாரும் கண்டுபிடிக்கல."

அவள் உள்பக்கம் திரும்பி, அப்பாவுக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைக்கச் சொல்லி மகளைக் கூப்பிடுவாள்.